ஆறாவது ஃபேன்

"நம்ம ஏசுபாதத்துக்கு எவ்வளவு தாழ்மை பாருங்க பிரதர்! சர்ச்சுக்கு ஃபேன் வாங்கிக் குடுத்துட்டு, இறக்கையில தன் பேரைக்கூட எழுதிக்கலை!"

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த தனசிங், சாராள் சொன்னதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு, எலக்ட்ரீஷியன் ஏசுபாதமா? அவன் குடுத்தான்னு யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? சர்ச்சுக்கு எதிர் வீடுதானே நான்! ரெண்டு மாசம் முன்னாடி ஒரு புதன்கிழமை மத்தியானம் சைக்கிள்ல பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்து, தானே ஏணி போட்டு மாட்டினாரு. 'நீங்க குடுத்ததா'ன்னு கேட்டேன். 'கர்த்தர் குடுத்தாரு, அக்கா'ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாரு. வாலிபர் சங்கத்துப் பிள்ளைங்க கிறிஸ்துமஸ் அன்னிக்கு அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போறாங்களாம்!"

சனிக்கிழமை மாட்டியதைப் புதன்கிழமை என்கிறாளே, இவள் பார்த்த லட்சணம் இதுதான் என்று தனசிங் உள்ளுக்குள் பொருமினார். வாய்விட்டுச் சொல்லத்தான் வழியில்லை. அந்த வழியை அடைத்துக்கொண்டவரே அவர்தான்.

டெலிபோன் இலாகாவில் ஓய்வு பெற்று, முடிச்சூரில் வீடு கட்டிக் குடிவந்தவர் தனசிங். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அந்தச் சின்னச் சர்ச்சில் அப்போது ஐந்து ஃபேன்கள். ஐந்திலும் இறக்கைக்கு இறக்கை 'இன்னார் குடும்பத்தார் அன்பளிப்பு' என்று சிவப்புப் பெயின்ட். கரண்ட் இருந்தால் காற்று வரும், கரண்ட் போனால் பெயர் தெரியும். அதைப் பார்த்தாலே தனசிங்குக்கு இளக்காரம்.

அதனால் ஆறாவது ஃபேனை வாங்கியபோது பாஸ்டர் தாவீதிடம் கறாராகச் சொன்னார். "நான் குடுத்தேன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது பாஸ்டர். பேருக்காகச் செய்யற ஆள் நான் இல்லை." மாட்டுவதற்காக ஃபேனை ஏசுபாதத்திடம் ஒப்படைத்தபோதும் அதையே சொன்னார்.

எப்படியும் யாராவது துருவிக் கேட்பார்கள், பாஸ்டர் வாய் தவறிச் சொல்லுவார், எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்க்கும்போது 'அதெல்லாம் எதுக்குங்க' என்று கையசைக்கலாம் என்று காத்திருந்தார். பாஸ்டர் சொன்ன சொல் தவறாத மனிதர். இரண்டு மாதமாக மூச்சு விடவில்லை. இப்போது பொன்னாடை ஏசுபாதத்துக்குப் போகிறது. அன்றிரவு தனசிங்குக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் டீக்கடையில் ஏசுபாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா, ஃபேன் நீ குடுத்ததா ஊரே பேசுது?"

ஏசுபாதம் பதறிப்போனார். "நான் இன்னா சார் பண்றது? குடுக்கணும்னு மனசு வெச்சவரு வேற ஆளுன்னு எல்லார் கைலயும் சொல்லிக்கினுதான் கீறேன். சொல்லச் சொல்ல, 'இன்னா தாழ்மை, இன்னா தாழ்மை'ன்றாங்க. பேஜாரா கீது சார்."

"அந்த ஆள் யாருன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"நீங்கதானே சார் யாருக்கும் தெரியக் கூடாதுன்னீங்க?"

"ஆமாமா... தெரியக் கூடாதுதான்" என்று தனசிங் டீயை ஒரே மடக்காகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

ஆனால் அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. ஃபேனைக் கொடுத்தனுப்புவதற்கு முன்னால், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, ஓர் இறக்கையின் மேல்பக்கத்தில், கீழே உட்காருகிறவர்கள் கண்ணில் படாதபடி, 'வி. தனசிங் அன்பளிப்பு' என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தார். கர்த்தர் மேலேயிருந்துதானே பார்க்கிறார், அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று மனதுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை சர்ச்சில் ஒட்டடை அடிக்கச் சபையே கூடியிருந்தது. தனசிங் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார்.

"ஃபேன்லாம் ஒரே தூசி. கழட்டித் துடைச்சுடலாம். ஏசுபாதம், அந்த ஆறாவதை முதல்ல கழட்டு."

ஏணியில் நின்ற ஏசுபாதத்தின் முகம் மாறியது. "அது புச்சு சார். தூசியே இல்ல. வுட்டுடலாமே?"

"கழட்டுன்னா கழட்டுப்பா!"

நன்றாக மாட்டிக்கொண்டான் என்று தனசிங்குக்கு உற்சாகம் பிறந்தது. மூன்று இறக்கைகளும் கீழே வந்தன. சாராள் ஈரத்துணியோடு உட்கார்ந்தாள்.

"மேல்பக்கத்தை நல்லாத் துடைங்க சிஸ்டர். எல்லாரும் கிட்ட வந்து பாருங்க, எவ்வளவு அழுக்குன்னு!"

எல்லாரும் வந்து குனிந்து பார்த்தார்கள். சாராள் முதல் இறக்கையைத் துடைத்தாள். இரண்டாவதைத் துடைத்தாள். மூன்றாவதையும் துடைத்து ஓரமாக வைத்தாள். தனசிங் பொறுக்க முடியாமல் மூன்றையும் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. ஓர் எழுத்துக்கூட இல்லை.

"என்ன பிரதர் தேடறீங்க?" என்றாள் சாராள்.

"ஒண்ணுமில்ல... அழுக்கு போயிடுச்சான்னு பார்த்தேன்."

கூட்டம் கலைந்து அவரவர் வேலைக்குப் போனது. ஏசுபாதம் மெல்ல இறங்கி வந்து, தனசிங்கின் காதோரம் குனிந்தார்.

"மன்னிச்சுக்கோங்க சார். நீங்க குடுத்த ஃபேன் மாட்டுன ரெண்டாம் நாளே காயில் புகைஞ்சு பூடுச்சு. தெரிஞ்சா உங்க மனசு கஸ்டப்படுமேன்னு, அதே மாதிரி ஒண்ணு வாங்கியாந்து புதன்கிழமை மாட்டிட்டேன். உங்க பேரையும் அதே எடத்துல எழுதிப் பார்த்தேன் சார். என் எழுத்து கோணலா வந்துச்சு, உங்க பேரு கோணலா இருக்க வேணாமேன்னு நானே அழிச்சுட்டேன்."