சுபோதினியின் இடம்

வெள்ளவத்தை சலூனில் ஆறு வருடமாக மருந்து பூசி முடி நேராக்கும் வேலை முழுவதும் சுபோதினியின் கையில்தான் இருந்தது. பஸ்லா என்ற புதியவள் வேலைக்கு வந்து சேர்ந்த இரண்டாம் மாதமே, எல்லோரும் 'மிஸ்' என்று கூப்பிடும் முதலாளியம்மா அந்த வேலை நடக்கும் அறையை அவளுக்குக் கொடுத்து, சுபோதினியை வாசலில் பதிவு எழுத உட்கார வைத்துவிட்டார்.

தன்னைத் தேடி வந்த பெண்கள் இப்போது பஸ்லாவோடு சிரித்துக் கதைப்பதைப் பார்க்கப் பார்க்க சுபோதினிக்கு வயிறு எரிந்தது. வெள்ளிக்கிழமை, சாப்பிடும்போது கேட்டேவிட்டாள்.

"மிஸ்ஸிட்ட என்ன சொல்லி என்ர இடத்தைப் பிடிச்சனீர்?"

"மருந்து வேல முழுக்க எனக்குத் தாங்க எண்டு நான்தான் கேட்டேன் அக்கா."

"வெக்கமில்லாமல் சொல்லுறீர்!"

பஸ்லா சோற்றுப் பார்சலை மூடினாள். "நீங்க காலையில சத்தி எடுக்கிறத அதுக்கு முந்தியே கண்டேன்."

தான் வாந்தி எடுத்ததை யாரும் பார்க்கவில்லை என்றுதான் சுபோதினி நினைத்திருந்தாள். வேலை போய்விடும் என்ற பயத்தில், மூன்று மாதக் கர்ப்பத்தை அவள் சலூனில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

"மிஸ்ஸுக்கு அத சொல்லல்ல," என்றாள் பஸ்லா. "முந்தின சலூனிலயும் எனக்கு இதே வேலதான். ரெண்டு புள்ள வயித்திலயே இல்லாமப் போச்சு. அந்த மருந்துப் புகையும் காரணமா இருக்கலாம் எண்டு டொக்டர் சொன்னாங்க."

"பிறகு ஏன் நீர் திரும்பவும்..."

"போன வருஷம் கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க." பஸ்லா மூடிய பார்சலைத் தள்ளி வைத்தாள். "உங்களப் பார்த்தா எனக்கும் பொறாமதான் அக்கா. அதுக்காக அந்தப் புள்ளயும் போகணுமா?"

சுபோதினி கை கழுவிவிட்டு நேரே முதலாளியம்மாவிடம் போனாள்.

"மிஸ், எனக்கு மூண்டு மாசம். வேலையில வச்சிருக்கிறதும் விடுறதும் உங்கட விருப்பம். ஆனா பஸ்லா நிக்கிற அறையில புகை வெளியில போக ஒரு ஃபேன் போடுங்கோ."