நாகோமின் புள்ளி

மார்ச் 14, வியாழன். தவறு என்னுடையது. எங்கள் மார்மன் சபையின் வேதநூலில், சில குடும்பங்கள் வடக்கிலிருந்து தெற்கே பாலைவனப் பயணம் போகின்றன; வழியில் இறந்த இஸ்மவேல் என்பவரை நாகோம் என்ற இடத்தில் புதைக்கிறார்கள். பழைய சாம்பிராணிப் பாதையில் ஒட்டகங்களின் நாள்நடையைக் கணக்கிட்டு, நான் நடத்தும் மாலை வேத வகுப்பின் அரேபிய வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்திருந்தேன். அந்தக் குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு மெதுவாகத்தான் போயிருக்கும் என்பதை மறந்துவிட்டேன். இன்று திருத்தியதும் கல்லறை இரண்டு விரற்கடை வடக்கே நகர்ந்தது. இதுவும் சரிதானா, தெரியவில்லை.

வகுப்புக்கு வரும் எஸ்தர்ராணி அக்காவின் கணவர் சவூதியில் இறந்தவர். புதைத்த இடம் யாருக்கும் தெரியாது.

"அப்ப இத்தன நாளா வெறும் மணல்லயா விரல வெச்சு ஜெபம் பண்ணேன்?" என்றார் அக்கா, புதுப் புள்ளியைப் பார்த்து.

"அது இஸ்மவேலோட இடம்தானேக்கா?"

"துணைக்கு ஒருத்தர் இருக்காரேன்னு இவரையும் அங்கதான் படுக்க வெச்சிருந்தேன், தம்பி."

பழைய புள்ளியை அழிக்க ரப்பரை எடுத்தேன். அக்கா அந்தப் புள்ளியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

நாளை: அக்கா வருமுன், எந்தப் புள்ளி இருக்கட்டும் என்று முடிவு செய்ய வேண்டும்.