தினமும் இருபத்திரண்டு மைல்

கடிதம் வந்தது நவம்பரிலா டிசம்பரிலா என்று இப்போது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. என் டீசல் பிக்கப் வண்டியின் எரிபொருள் பம்ப்பில் குறை இருக்கிறது, இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று நிறுவனம் எழுதியிருந்தது.

"நாளைக்கே கொண்டுபோய் விடுண்ணே," என்றான் தம்பி வெர்ன்.

"அப்புறம் மாட்டுக்கு வைக்கோல் யாருடா கொண்டுபோறது? நீ முதுகுல சுமக்குறியா?"

"வழியில படுத்துடுச்சுன்னா சுமந்துதானே ஆகணும்."

ஜனவரியில், வெர்ன் மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு மேய்ச்சல் நிலத்திலிருந்து திரும்பும் வழியில், மொன்டானாப் பனிப்புயலுக்கு நடுவே வண்டி நின்றது. அதற்குள்ளேயே உறைந்து இறந்திருந்தான்.

பட்டறைக்கார டெல்பர்ட் பம்ப்பைக் கழற்றினான். உள்ளே முழுக்க இரும்புத்தூள். புதியது வர மூன்று வாரம் ஆகும் என்றான். ஐந்தாம் நாள் போன் செய்தான்.

"உன் வண்டி பம்ப் என் மேசை மேல கிடக்கு. ஆனா தினம் காலையில மீட்டர்ல இருபத்திரண்டு மைல் கூடியிருக்கு. பின்னாடி புது வைக்கோல் வேற. யாருய்யா விளையாடுறது?"

என் வீட்டிலிருந்து மேய்ச்சல் நிலத்துக்குப் போய்வர இருபத்திரண்டு மைல்.

புதிய பம்ப் வந்ததும், "போட்டுடவா?" என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். போடச் சொன்னேன். மறுநாளிலிருந்து மைல் கூடவில்லை.

அந்த வசந்தத்தில் மாடுகளை விற்றேன். டெல்பர்ட் பட்டறையை மூடிவிட்டு மகளோடு இருக்கப் போய்விட்டான். வெர்ன் ஊர்க் கல்லறையில் இருக்கிறான். வண்டி அதன் பிறகு இன்றுவரை ஒருமுறைகூட வழியில் நின்றதில்லை.