ரத்தம் தர மாட்டோம்

“ஒரு சொட்டுகூடத் தர மாட்டோம். உன் ஊசியை எடுத்து உள்ளே வை.”

நீட்டியிருந்த மருமகளின் கையை மடக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள் மாமியார்.

மலேரியா ஆராய்ச்சிக்காக ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளிடம் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த மாணவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்ததிலிருந்தே இந்த அம்மாள்மேல் அவளுக்கு எரிச்சல்தான். மருமகளிடம் பேர் கேட்டால் மாமியார் சொல்கிறாள். மாதம் கேட்டால் மாமியார் சொல்கிறாள். ‘இதுதான் முதல் பிள்ளையா?’ என்று கேட்டபோதும், அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள், ‘ஆமா, முதல்தான், எழுதிக்கோ’ என்று முந்திக்கொண்டாள்.

“கொஞ்ச நேரம் முன்னாடி சரின்னுதானே சொன்னீங்க?”

“அப்போ சொன்னேன். இப்போ இல்லை.”

“அம்மா, இவங்களுக்கு ஏழு மாசம். விட்டு விட்டுக் காய்ச்சல். மலேரியாவா இருந்தா குழந்தைக்கே ஆபத்து.”

“அதான் விரல்ல குத்திப் பார்த்தாச்சே. ஒண்ணுமில்லைன்னுதானே வந்தது?”

“விரல் ரத்தத்துல சில சமயம் சிக்காது. கர்ப்பத்துல அந்தக் கிருமி நஞ்சுக்கொடியில ஒட்டிக்கிட்டு ஒளிஞ்சுக்கும்.”

பக்கத்தில் நின்ற மகன் இடையில் புகுந்தான். “அம்மாவுக்குப் புரியலை மேடம். எனக்குச் சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க. எவ்வளவு நல்லா இருந்துச்சு!”

கேட்டதே போதும், மாணவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சின்ன வயசுல திரும்பத் திரும்ப மலேரியா வந்தா, உடம்பு அந்தக் கிருமியோட சண்டை போட்டுப் பழகிடும். ஆனா நஞ்சுக்கொடியில ஒட்டற கிருமி வேற வேஷத்துல வரும். முதல் பிள்ளை உண்டாகறப்போ உடம்புக்கு அதை அடையாளம் தெரியாது. ஏமாந்து போகும். அதுல அடிபட்டுக் கத்துக்கிட்டா, அடுத்த பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி தயாரா காவல் நிக்கும். அதையும் இந்த ரத்தத்துல பார்ப்போம்.”

“அதாவது, ஒருத்தி முன்னாடி பிள்ளை உண்டானவளா இல்லையான்னு ரத்தமே காட்டிக்கொடுத்துடும். சரியா மேடம்?”

“கிட்டத்தட்ட. வாய் மறைச்சாலும் ரத்தம் மறைக்காது!”

“வீட்டுக்கு இந்த டெஸ்ட் மெஷின் ஒண்ணு வாங்கிப் போடணும்மா!” என்று சிரித்தான் அவன்.

மருமகள் சிரிக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரிசல்ட்டை உங்க கையிலயே கொடுத்து விளக்கிடறேன் சார். பிரசவம்னா பொம்பளைங்க சமாசாரம்னு புருஷன்மார் ஒதுங்கறதுதான் இங்கே பிரச்சினையே.”

“ஒண்ணும் வேண்டாம்,” என்று எழுந்தாள் மாமியார்.

மாணவியும் எழுந்துவிட்டாள். “இது உங்க ரத்தமா? இவங்களோடது. இவங்க சொல்லட்டும். சொல்லுங்க, எடுக்கட்டுமா?”

மருமகள் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். “அத்தை சொல்றதுதான்.”

“பார்த்தியா?” என்றாள் மாமியார்.

“பார்த்தேன். நல்லா மிரட்டி வெச்சிருக்கீங்க. நாளைக்கு அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு.”

மாமியார் மருமகளைக் கைபிடித்து எழுப்பினாள். இரண்டு பேரையும் இழுக்காத குறையாக வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

‘படிச்சவங்க பேச்சைக் கேட்டா கௌரவம் குறைஞ்சிடும். மருமகள்னா வாய் இல்லாத பொம்மை. குழந்தை போனா அதுக்கும் அவளையே திட்டுவாங்க,’ என்று பொருமியபடி ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள் மாணவி.

கதவு திறந்தது. மாமியாரும் மருமகளும் மட்டும்.

‘இப்போது என்ன நாடகம்?’ மாணவி நிமிராமலே கேட்டாள். “என்ன?”

“கதவைச் சாத்து.”

“எதுக்கு?”

“சாத்தும்மா, சொல்றேன். அவனை மருந்துக்கடைக்கு அனுப்பியிருக்கேன். இல்லாத மாத்திரைக்கு ஒரு பேர் சொல்லி விட்டிருக்கேன். கடை கடையா அலைஞ்சிட்டுத்தான் வருவான்.”

மாணவி சந்தேகத்தோடு கதவைச் சாத்தினாள்.

மாமியார் மருமகளை நாற்காலியில் உட்கார வைத்து, அவளுடைய ரவிக்கைக் கையைத் தானே மேலே ஏற்றிவிட்டாள்.

“இப்போ எடு. முதல் பிள்ளைன்னு எழுதினே பார், அதை அடிச்சிடு. இது ரெண்டாவது.”

மாணவியின் கை அப்படியே நின்றது.

“கல்யாணத்துக்கு முன்னாடியே இவ என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா. யாரோ ஒரு படுபாவி ஏமாத்திட்டு ஓடிட்டான். எட்டாம் மாசம் காய்ச்சல் வந்து, பொம்பளைப் பிள்ளை, அதுவும் தங்கலை. நான்தான், இப்போதைக்கு என் மகன்கிட்ட சொல்லாதேன்னேன். நல்லவன்தான் அவன். ஆனா காது மட்டும் அவனோடது இல்லை, அவனோட அக்காமாருக்குச் சொந்தம். ஒருநாள் அவனுக்குத் தெரியத்தான் வேணும். அதை இவ சொல்லணும். உன் மெஷின் சொல்லக் கூடாது.”

மருமகள் மாமியாரின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“ரிசல்ட்டை இவங்க கையில மட்டும்தான் கொடுப்பேன்மா,” என்றாள் மாணவி. ‘முதல்’ என்றிருந்ததை அடித்து ‘இரண்டாவது’ என்று எழுதினாள்.

ஊசி இறங்கியது. குழாயில் ரத்தம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்த மாமியார், மெதுவாகக் கேட்டாள்.

“அடுத்த பிள்ளைக்குக் காவல் நிக்கும்னு சொன்னியே... என் மூத்த பேத்தி, இந்தப் பிள்ளைக்கு ஏதாவது விட்டுட்டுப் போயிருக்காளான்னு பார்த்துச் சொல்லும்மா.”