மேபலின் பட்டினி

"இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடு, கண்ணு. நாளைக்குன்னு சொல்லாதே."

நடீன் இப்படிச் சொல்வாள் என்று டோபின் கனவிலும் நினைக்கவில்லை. நாயைக் கேட்டால் அழுவாள், கதவைச் சாத்துவாள், அலுவலகத்தையே திட்டித் தீர்ப்பாள் என்று வழியெல்லாம் பயந்துகொண்டு வந்திருந்தான். லூயிவில் நகரத்தில், துப்பாக்கி, வெடிபொருள் விவகாரங்களைக் கவனிக்கிற மத்திய அரசு அலுவலகத்தில் எல்லோரும் நைசாக நழுவிக்கொள்ள, அவன் தலையில் கட்டிய வேலை இது. அவன் உரிமப் பிரிவில் நாற்காலி தேய்ப்பவன். நாய்களைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவற்றுக்கு வால் உண்டு என்பதுதான்.

நடீனின் கணவர் வெர்லின் அந்த அலுவலகத்தின் மோப்ப நாய்களைப் பழக்கி நடத்தியவர். கடைசி நாய் மேபல், கறுப்பு லேப்ரடார். போன வாரம் வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நாய் அரசாங்கச் சொத்து. அடுத்த ஆளிடம் ஒப்படைத்தாக வேண்டும்.

"அவசரமே இல்ல, மிஸ் நடீன். நீங்களே வெச்சுக்கறதா இருந்தா மேலிடத்துல பேசிப் பார்க்கறேன். வயசாயிடுச்சு, ஓய்வு குடுத்துடலாம்னு சொன்னா கேப்பாங்க."

"வேண்டாம்ப்பா. இங்க இருந்தா அது செத்துப் போயிடும். எதுவுமே சாப்பிட மாட்டேங்குது."

சர்ச்சிலிருந்து யாரோ கொண்டுவந்த கோழிக்கறியைப் பிய்த்து, தட்டில் வைத்து மேபல் முன்னால் தள்ளினாள். மேபல் தட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. நடீனின் காலடியில், முதுகை நிமிர்த்தி, அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

"பாத்தியா? நான் சமையலறைக்குப் போனா அங்க வந்து முன்னாடி உட்காருது. படுத்தா கட்டில் பக்கத்துல உட்காருது. அதுவா படுக்கவே மாட்டேங்குது. அந்தப் பார்வையை என்னால தாங்க முடியல, டோபின்."

"துக்கம் விசாரிக்க வந்தவங்க என்ன சொல்றாங்க?"

"என்ன சொல்வாங்க? என்ன பாசம், என்ன பாசம்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போறாங்க."

டோபினும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெர்லினின் சொந்தத் தம்பியே அடக்கம் முடிந்த கையோடு விமானம் ஏறிவிட்டானாம். இந்த வாயில்லா ஜீவன் எஜமானி பக்கத்தை விட்டு அசையவில்லை. அதைப் போய்ப் பிரிக்க வந்திருக்கிறோமே என்று அவனுக்கு அவமானமாக இருந்தது.

நடீனோ காரியத்தில் கண்ணாக இருந்தாள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த பாத்திரங்களைக் கழுவி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டி வைத்திருந்தாள். போகிற வழியில் சர்ச்சில் கொடுத்துவிடச் சொன்னாள். பிறகு உள்ளே போய் வெர்லினின் தூண்டில் கோலைக் கொண்டுவந்து நீட்டினாள். மேபல் எழுந்து அவள் பின்னாலேயே போய், அவள் பின்னாலேயே வந்து, மறுபடி முன்னால் உட்கார்ந்தது.

"எனக்கெதுக்கு, மிஸ் நடீன்? எனக்கு மீனைத் தட்டுலதான் பிடிக்கத் தெரியும்."

"கத்துக்கோ. சும்மா கிடந்து துருப்பிடிக்கவா?"

சிரிக்கக்கூடச் செய்தாள். எவ்வளவு சீக்கிரம் தேறிவிட்டாள் என்று டோபின் ஆச்சரியப்பட்டான். வசந்தம் வந்ததும் எல்லோரும் சேர்ந்து ஏரிக்குப் போகலாம் என்றான். அவள் சரியென்று தலையாட்டினாள்.

நாயை வெளியே கொண்டுவருவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. வாரைப் பிடித்து இழுத்தான். வாசல் வரை வந்து, உருவிக்கொண்டு ஓடி, அவள் முன்னால் உட்கார்ந்தது. மறுபடி இழுத்தான், மறுபடி ஓடியது. கடைசியில் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டான். நடீன் குனிந்து அதன் காதருகே சொன்னாள்.

"கெட்டிக்காரிடி நீ. போதும், போ."

நெடுஞ்சாலை ஏறும் முன் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, நாய்ப் பயிற்சிக் கூடத்து மார்சிக்கு போன் போட்டான்.

"கூட்டிட்டு வரேன். ஆனா பட்டினியா கிடக்குது, மார்சி. கோழிக்கறி வெச்சாக்கூடத் தொடல."

"யாரு, மேபலா? ரெண்டு பேர் சாப்பாட்டை ஒரே வாயில போடுறவளாச்சே." மார்சி சிரித்தாள். "தட்டுல வெச்சா எப்படித் தின்னும்? அதுங்களைப் பழக்கினதே அப்படி. கண்டுபிடிச்சுக் காட்டணும், காட்டினா கையிலேர்ந்து சாப்பாடு. உழைச்சாத்தான் சோறு."

"அது மட்டுமில்ல. துக்கம், மார்சி. அந்தம்மா எங்க போனாலும் முன்னாடி போய் உட்கார்ந்துக்கிட்டு அவங்களையே பார்க்குது."

மார்சியின் சிரிப்பு நின்றது.

"உட்கார்ந்துக்கிட்டா? படுக்கலையா?"

"படுக்கவே இல்லயாம். நாள் பூரா அப்படியேதானாம்."

"இப்ப என்ன பண்ணுது?"

டோபின் திரும்பிப் பார்த்தான். பின்சீட்டில் மேபல் நாலு காலையும் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"தூங்குது."

"டோபின், அந்த வீட்டுல துப்பாக்கி ஏதாவது இருக்கா?"

"இல்ல. வெர்லினோடதை எல்லாம் அடக்கத்துக்கு மறுநாளே நானே வாங்கிட்டு வந்துட்டேன்."

"அப்ப அந்தம்மாகிட்ட இன்னொண்ணு இருக்கு. மேபலுக்குத் துக்கம் காக்கத் தெரியாதுடா. வெடிமருந்து வாசனை எங்க அடிக்குதோ, அங்க உட்காரத்தான் தெரியும். அது நடீனுக்கும் தெரியும். வண்டியைத் திருப்பு."

அவள் சொல்லி முடிப்பதற்குள் டோபின் திருப்பியிருந்தான். வந்தவர் போனவரிடமெல்லாம் மேபல் தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது; அந்த வீட்டில் நடீனுக்கு இருந்த ஒரே காவலை அவனே தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.