ஐந்தடிக்குள் முகம் வீங்கும்

“நீ வீக்கத்தோட பொண்ணுதானே?” என்றார் லென்ஸ் மெக்கானிக்.

அவள் தலையாட்டினாள். ஒளிப்பதிவுத் தொழிலில் அப்பாவுக்கு மிஞ்சிய பெயர் அதுதான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு படத்தில் கதாநாயகியின் முகத்தை வீங்க வைத்தவர். அதோடு அவரைக் கூப்பிட நாதியில்லை. மீதிக் காலத்தைப் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தே ஓட்டிவிட்டார்.

கதாநாயகியாவது சும்மா இருந்தாளா? எந்தப் பேட்டியிலும் இதைச் சொல்லிச் சிரிக்காமல் விடுவதில்லை. “அந்த கேமராமேன் புண்ணியத்துல என் கன்னம் ஊறின பன்னு மாதிரி ஆயிடுச்சு.” அந்த அம்மாள் முகம் தெரிந்தாலே இவள் டிவியை அணைத்துவிடுவாள்.

மெக்கானிக் மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே அப்பா அந்தப் படத்தை எடுத்த அதே லென்ஸ். அகலமான காட்சியை ஃபிலிமுக்குள் நெருக்கிப் பிடித்து, திரையில் மறுபடி விரித்துக் காட்டுகிற பழைய ரகம். மூடியின் உட்புறம் ஒட்டிய சீட்டில் அப்பாவின் கையெழுத்து மங்கிப்போயிருந்தது: ‘ஐந்தடிக்குள் முகம் வீங்கும்.’

“இந்த ரகத்துல சிலது அப்படித்தான். கிட்டப் போனா கணக்குத் தப்பி முகம் உப்பிடும். உங்கப்பா இதைப் படம் எடுக்கறதுக்கு முன்னாடி எழுதியிருந்தா பிழைச்சிருப்பார்.”

“எவ்வளவு உப்புதுன்னு பார்க்கணும்ணே. யார் எடுத்திருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும்னு ஒரு தடவை காட்டிட்டேன்னா போதும். அப்புறம் அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிடக் கூடாது.”

மெக்கானிக் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு கேமராவுக்கு எதிரே உட்கார்ந்தார். “முப்பது வருஷமா ஒட்டின கன்னம். இந்த லென்ஸாவது ரொப்பட்டும்.”

அவள் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுபோனாள். ஆறடி. ஐந்தடி. நாலரை.

கேமராத் திரையில், அவருக்குப் பின்னால் எரிந்த பல்புகள் முட்டை வடிவத்துக்கு நீண்டு நின்றன. மேஜை விளக்கின் வெளிச்சம் படத்தின் குறுக்கே மெல்லிய நீலக் கோடாக ஓடியது. மெக்கானிக்கின் கன்னம் மட்டும் ஒட்டினபடியே இருந்தது.

அவள் டேப்பை வைத்துத் தூரத்தை மறுபடி அளந்தாள். நாலரைதான்.

“என்ன, வீங்குதா?”

“நாளைக்குச் சொல்றேன்ணே,” என்று திரையை அணைத்தாள்.

வீட்டில் அப்பா சாப்பாட்டு மேஜையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். எடுத்த படத்தை மடிக்கணினியில் போட்டு அவர் பக்கம் திருப்பினாள்.

“அட, அந்த நீலக்கோடு அப்படியே இருக்கே.” ஈரக்கையைத் துடைத்துவிட்டு விரலால் கோட்டைத் தடவினார். “பல்பைப் பாரு, முட்டை முட்டையா. இதுக்காகவே எந்தக் காட்சி எடுத்தாலும் பின்னாடி நாலு விளக்கு வைக்கச் சொல்லிக் கெஞ்சுவேன். இப்ப வர்ற லென்ஸெல்லாம் ரொம்ப ஒழுங்கு.”

“அப்பா, அது நாலரை அடியில எடுத்தது. வீங்கலை.”

கத்தியை எடுக்கப் போன கை நின்றது.

“வீங்கும்.”

“நான் பார்த்துட்டேன்ப்பா. நீங்க சொதப்பிட்டு லென்ஸ் மேல பழியைப் போட்டிருக்கீங்க. உங்களுக்காக நான் எத்தனை பேரோட மல்லுக்கு நின்னிருக்கேன் தெரியுமா?”

“அந்தச் சீட்டை மட்டும் எடுக்க வேணாம்னு சொல்லும்மா. இருந்துட்டுப் போகட்டும்.”

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தப் பழைய படத்தின் குளோசப்பைத் தேடி எடுத்து, மெக்கானிக்கின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். “நீங்களே பாருங்க.”

பார்த்தது அவள்தான். லென்ஸ் வீங்க வைத்திருந்தால் இரண்டு கன்னமும் வீங்கியிருக்க வேண்டும். நடுவில், நேராகப் பார்க்கிற முகம். இடது கன்னம் மட்டும் புடைத்திருந்தது.

“அப்பா, இது என்ன?”

அப்பா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“மோதிரம் போட்ட கை. அந்தம்மாவோட வீட்டுக்காரர்தான் தயாரிப்பாளர். மேக்கப் போட்டும் அடங்கலை. எடுத்ததைப் போட்டுப் பார்க்கிறப்போ யூனிட்டே உட்கார்ந்திருக்கு. முகத்துல என்னன்னு யாரோ கேட்டாங்க. அந்தம்மா தலையைக் குனிஞ்சுட்டாங்க. லென்ஸ்தான், நான் ரொம்பக் கிட்டப் போயிட்டேன்னு சொன்னேன்.”

“அதுக்கு அந்தாளே உங்களைத் துரத்திட்டாரா?”

“அது லென்ஸ் இல்லைன்னு தெரிஞ்சவன்தானே துரத்துவான்.”

“அந்தம்மா மட்டும் என்னவாம்? இன்னும் ஊரெல்லாம் உங்களைக் கேலி பண்ணிட்டு இருக்காங்களே.”

“வேற மாதிரிச் சொல்லணும்னா அவங்கதான் சொல்லணும். அவங்க இப்படிச் சொல்லிச் சிரிக்கிற வரைக்கும் அது லென்ஸ்தான்மா.”

அப்பா மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மெக்கானிக் சீட்டின் ஓரத்தை நகத்தால் கிளப்பியபடி காத்திருந்தார். “சொல்லு. வீங்கலைன்னா இதைக் கிழிச்சிடறேன். லென்ஸை நாலு பேராவது வாடகைக்கு எடுத்துட்டுப் போவாங்க.”

“வீங்குதுண்ணே.”

“அதானே. உங்கப்பா வேலையில சொதப்பினாலும் பொய் சொல்ற ஆள் கிடையாது.”

அவள் சீட்டின் ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டினாள். பிறகு பேனாவைத் திறந்து, மங்கிப்போன அப்பாவின் எழுத்துகள் மேலேயே, ஒவ்வொன்றாக அழுத்தி எழுதினாள்.