காலை நீட்டியவன்

“காலை நீட்டினான்” என்று கம்பெனி வக்கீல் மறுபடியும் வாசித்தார். இந்த முறை நிறுத்தி, நிதானமாக.

ஓடுகிற பெல்ட்டின் மேல் காலை நீட்டியது தொழிலாளியேதான். பக்கத்தில் நின்ற மெக்கானிக் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறான். ஆகவே விபத்துக்கு இறந்தவரே பொறுப்பு. கதை முடிந்தது என்பதுபோல் தாளை மேசைமேல் வைத்தார்.

விசாரணை அதிகாரி குறிப்பெழுதப் பேனாவைத் திறந்தார்.

“அது தப்பு சார்” என்றாள் அவள்.

மேசையின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். ஸ்பானிஷ் தெரியும் என்று வாசலில் சொன்னதுமே கிளார்க் அவளை அந்த நாற்காலிக்குக் கூட்டிவந்துவிட்டார். ஸ்பானிஷ் தொடர்களுக்குத் திரையின் அடியில் ஓடும் ஆங்கில வசனத்தை எழுதுவது அவள் பிழைப்பு.

மெக்கானிக் அந்த இயந்திரத்தோடு கூடவே வெளிநாட்டிலிருந்து வந்தவன். ஸ்பானிஷ் தவிர வேறு பேச்சு வராது. விபத்து நடந்த அன்று ஆபீஸ் அறையில் அவன் சொன்னதைப் போனில் பதிவு செய்தார்கள். அடுத்த வாரமே விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பதிவை ஒரு மென்பொருள் ஆங்கிலமாக்கியது. அந்தத் தாள்தான் இது.

“பதிவைப் போடச் சொல்லுங்க” என்றாள்.

வக்கீலுக்கு இஷ்டமில்லை. அதிகாரி போடச் சொல்லிவிட்டார்.

மெக்கானிக் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பேசினான். அவள் வரிவரியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பெல்ட்டின் மூடி கழன்று கிடந்தது. சூப்பர்வைசரை இழுத்துவந்து காட்டினோம். அப்புறம் பார்க்கலாம் என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அவன் கால்சட்டை முனையைப் பெல்ட் கவ்வியது. ஆளையே இழுத்தது. நான் ஓடிப்போய் மெஷினை நிறுத்தினேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ‘எஸ்திரோ லா பாத்தா’.

அங்கே நிறுத்தச் சொன்னாள். டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்தாள்.

“மெஷினை நிறுத்தி, ஆம்புலன்ஸுக்கும் சொன்ன பிறகு ஒருத்தன் எதுக்கு சார் காலை நீட்டணும்? அவங்க பேச்சுல காலை நீட்டிட்டான்னா செத்துட்டான்னு அர்த்தம். நாம மண்டையைப் போட்டான்னு சொல்றோமே, அதுதான். அப்படிச் சொன்னா, மண்டையை எங்கே போட்டான்னு யாராவது தேடிட்டுப் போவாங்களா?”

வக்கீல் சிரித்தார். “சரி, இங்கிலீஷ்ல அதுக்கு என்ன?”

“வாளியை உதைச்சான்னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டா, பெல்ட் பக்கத்துல வாளியை யார் வெச்சதுன்னு கேப்பீங்க.”

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. மென்பொருளுக்கு மூளை இல்லை, போகட்டும். இவருக்குமா இல்லை? கழன்ற மூடியும் சூப்பர்வைசரும் அதே தாளில்தான் இருந்தார்கள். அதையெல்லாம் தாண்டிப்போய் இந்த ஒரு வரியின் அடியில் மட்டும் சிவப்புக் கோடு போட்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அதையும் எல்லார் கண்முன்னாலேயே.

அவள் தாளை இழுத்து முதல் வரியைக் காட்டினாள். ‘என் நாக்கில் முடி இல்லை’ என்று இருந்தது. பக்கத்தில் வக்கீலின் கையெழுத்தில், ‘மொழிபெயர்ப்புப் பிழை, விட்டுவிடலாம்.’

“இதுவும் அவங்க வழக்குதான். ஒளிவுமறைவு இல்லாம பேசுறவன்னு அர்த்தம். இதைப் பிழைன்னு கண்டுபிடிக்கத் தெரிஞ்ச உங்களுக்கு, அந்தக் கால் மட்டும் நிஜக் காலாத் தெரிஞ்சுதா?”

வக்கீலின் சிரிப்பு போய்விட்டது.

“கூட வேலை பார்த்தவன் செத்ததை எவனாவது மண்டையைப் போட்டான்னு சொல்வானா? அதுவும் அழுதுட்டே? மொழிபெயர்க்க வந்தவங்க அதோட நிறுத்திக்கணும்.”

“அழறவன் நல்ல வார்த்தையாத் தேடிட்டு இருக்க மாட்டான் சார். நீங்க என்னை நம்ப வேண்டாம். அகராதியைப் பாருங்க.”

அதிகாரி தன் போனை எடுத்தார். அவளிடம் எழுத்துக் கேட்டுக் கேட்டுத் தட்டினார். படித்தார். வேறொரு அகராதியையும் திறந்து பார்த்தார். பிறகு போனை வக்கீல் பக்கம் நகர்த்தினார்.

வக்கீல் குனிந்து படித்தார். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அதிகாரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதிகாரி சிவப்புக் கோடு போட்ட வரியைக் குறுக்கே அடித்தார்.

“இங்கே என்ன எழுதட்டும்?”

“ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள இறந்துட்டார்னு நேரா எழுதுங்க. அலங்காரம் எதுவும் வேண்டாம்.”

எழுதினார். அடுத்த விசாரணைக்குச் சூப்பர்வைசர் நேரில் வரவேண்டும், மூடி எப்போது கழன்றது, ஏன் மாட்டவில்லை என்று கம்பெனி பதில் சொல்லவேண்டும் என்றும் எழுதினார். வக்கீல் பையை மூடினார். கிளார்க் மின்விசிறியை அணைக்க எழுந்தார்.

அதிகாரியின் பார்வை சுவரோரம் காலியாகக் கிடந்த பெஞ்சில் போய் நின்றது. அவருக்கே கோபம் வந்துவிட்டது போலிருந்தது.

“ஒரு உசுரு போயிருக்கு. குடும்பத்துல இருந்து ஒருத்தர்கூடவா வரலை?”

“வந்திருக்கேன் சார்” என்றாள் அவள். “அவன் என் தம்பி.”